அகமதாபாத் தறிக்கூடமும் எங்கள் 40 மணி நேரமும்

போன மார்ச் மாதம் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. ஏன் போட்டிருக்கக் கூடாது என்று எனக்கே விளங்க வேண்டும் என்பதற்காகப் பழைய கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

நான் புளியறையில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். 2020இல் எல்லாரையும் போல லேப்டாப்போடு ஊருக்கு வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். ஊர் தெரியாதவர்களுக்கு: செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற ரோட்டில், மலை ஏறுவதற்கு முன்னால் தமிழ்நாட்டுப் பக்கம் வருகிற கடைசி ஊர்களில் ஒன்று. செக்போஸ்ட், வரிசையாக நிற்கும் லாரிகள், தட்சிணாமூர்த்தி கோயில், சுற்றிலும் வயல். ஜூனில் சாரல் ஆரம்பித்தால் கரன்ட்டும் நெட்டும் மாறி மாறிப் போகும். கம்பெனி இருப்பது பெருநகரத்தில். நான் லீடாக இருக்கும் டீமில் ஒன்பது பேர். அதில் நான்கு பேர் தென்காசி சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள்.

அந்தக் கையெழுத்து

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் ஒரு அறிவிப்பு வந்தது. இனிமேல் பயிற்சி வகுப்பு என்று யாரையும் பிடித்து உட்கார வைக்கப் போவதில்லை. அவரவர் கற்றலை அவரவரே முடிவு செய்யலாம். இதற்குப் பெயர் அஜைல் கற்றல். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் டீமில் உற்சாகமாகப் பேசினேன். இரண்டு வாரம் கழித்து நடைமுறை விவரம் வந்தது. ஆளுக்கு வருஷத்துக்கு 40 மணி நேரம். கம்பெனி வாங்கி வைத்திருக்கும் வீடியோ தளத்தில் பார்த்தால்தான் கணக்கு. எந்த வீடியோ என்பது உங்கள் இஷ்டம். சுதந்திரம் அவ்வளவுதான்!

எங்கள் டீமில் ஒரு தம்பி. டிப்ளமோ படித்துவிட்டு வந்தவன். எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட் ஓட 40 நிமிஷம் ஆகும். வருஷக்கணக்காக அப்படித்தான் ஓடியது, யாரும் அதைத் தொடவில்லை. இவன் தானாகவே டேட்டாபேஸ் ஒரு கேள்வியை உள்ளே எப்படித் திட்டம் போட்டு நிறைவேற்றுகிறது என்று படிக்க ஆரம்பித்தான். மூன்று வாரம், ராத்திரி ராத்திரியாக. இண்டெக்ஸ் எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்யவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தான். கடைசியில் அந்த ரிப்போர்ட் இரண்டு நிமிஷத்துக்குள் ஓடியது.

வருஷக் கடைசியில் அவன் கணக்கில் இருந்தது 6 மணி நேரம். இன்னொருவர் கணக்கில் 52. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவை ஓடவிட்டுவிட்டுப் போவார் என்பது டீமுக்கே தெரியும். முதலாமவன் பெயருக்கு நேரே 'கற்றலில் ஆர்வம் குறைவு' என்று சிஸ்டமே சிவப்பில் போட்டது. லீட் ஒப்புதல் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு அது கடைசித் தேதி, இன்னும் ஏழு படிவம் பாக்கி இருந்தது.

அவன் ஃபோன் பண்ணினான். "அண்ணே, நான் படிச்சதெல்லாம் அதுல வராதாண்ணே?"

"அது சிஸ்டத்துல வராதுடா."

"சரிண்ணே." அவ்வளவுதான் சொன்னான். அதற்கப்புறம் புதிதாக எதையாவது படித்தால் டீம் மீட்டிங்கில் சொல்வதை நிறுத்திவிட்டான்.

1953, அகமதாபாத்

தொழிலாளியே தன் வேலையைக் கற்று, தானே ஒழுங்குபடுத்திக்கொள்வது என்பதை சாஃப்ட்வேர்க்காரர்கள் கண்டுபிடித்ததாக நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தேடிப் போனால், நன்றாகப் பதிவான ஆரம்பகாலச் சம்பவங்களில் ஒன்று நம் நாட்டுத் துணி ஆலையில் நடந்திருக்கிறது.

அகமதாபாத் காலிகோ மில். சாராபாய் குடும்பத்துடையது. 1952இல் அங்கே ஒரு தறிக்கூடத்தில் ஆட்டோமேட்டிக் தறிகளைப் போட்டார்கள். புது மெஷின், நல்ல முதலீடு. ஆனால் உற்பத்தி எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, துணியில் சேதமும் அதிகம். 1953இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஏ.கே.ரைஸ் என்பவர் வந்து பார்த்தார். அதே நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் ட்ரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் இருவரும் 1951இல் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். புது மெஷின் வந்தபோது பழைய சிறு குழுக்கள் உடைந்துபோனதுதான் அங்கே பிரச்சினை என்பது அவர்கள் கண்டது.

அகமதாபாத் கூடத்தில் 224 தறிகள், 29 பேர், 12 விதமான வேலை. நெசவாளி ஒருவருக்கு 24 அல்லது 32 தறி. ஊடை நூல் நிரப்புகிறவருக்கு 40, 50 தறி. ஒரே சமயத்தில் நிறைய இழைகள் அறுந்துபோனால் சரிசெய்ய வேறு ஆள், அவருக்கு இன்னும் அதிகத் தறி. எண்ணெய் போட ஒருவர், பெருக்க ஒருவர், துணியை எடுத்துப் போக ஒருவர். யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார் என்பதற்கு ஒரு ஒழுங்கே இல்லை. ஒரு தறி நின்றால் அது யாருடைய பொறுப்பு? எல்லாருடையதும், அதனால் யாருடையதும் இல்லை. மைக்ரோசர்வீஸ் திட்டங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகவே தெரியும்!

ரைஸ் முன்வைத்த யோசனை எளிது. குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு சிறு குழு; 64 தறிக்கு 7 பேர் என்கிற மாதிரி. அந்தத் தறிகளின் முழு வேலையும் அந்தக் குழுவுக்கே. உள்ளே யார் என்ன செய்வது என்பதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். மேற்பார்வையாளர்களும் நிர்வாகமும் இதைப் பேசி முடித்து முறையாக அமல்படுத்துவதற்குள், தொழிலாளர்களே யோசனையை எடுத்துக்கொண்டார்கள். யார் யாரோடு சேர்வது என்று அவர்களே தீர்மானித்துக் குழு அமைத்துக்கொண்டார்கள்.

ஆரம்ப நாட்களில் சிக்கல் வந்தது. உற்பத்திக்காக ஓடியதில் பராமரிப்பு பின்தங்கி, சேதம் கூடியது. அதைச் சரிசெய்த பிறகு நிலைமை மாறியது. தறிகளின் செயல்திறன் சுமார் 80 சதவீதத்திலிருந்து 95 சதவீதம் வரைக்கும் போனது. சேதம் சுமார் 32 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது. எண்களைவிட எனக்குப் பிடித்தது வேறு விஷயம். 12 வேலைப் பெயர்களுக்கு நடுவில் இருந்த சுவர் இறங்கியதும், பக்கத்து ஆளின் வேலையைப் பழகுவது அன்றாட வேலையின் பகுதியாகிவிட்டது. நூல் நிரப்புகிறவர் தறியைக் கவனிக்கப் பழகுகிறார் என்றால், அவர் தறி அது, நின்றால் அவர் குழுவுக்கு நஷ்டம். தனியாக ஒரு வகுப்பு வைக்க வேண்டிய தேவையே அங்கே எழவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். 1970இல் எரிக் மில்லர் அதே ஆலைக்குத் திரும்பிப் போனார். ஒரு கூடத்தில் 1953இன் குழு முறை ஏறக்குறைய அப்படியே இருந்தது. மற்ற கூடங்களில் தேய்ந்துபோயிருந்தது. வெளியிலிருந்து நெருக்கடி வரும்போதெல்லாம் மேற்பார்வையாளர்கள் குழுவுக்கு உள்ளே புகுந்து, இதைச் செய் அதைச் செய் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். யாரும் ஆணை போட்டு முறையை நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முடிவெடுக்கிற உரிமை மேலே போய்விட்டது. இந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். கடைசித் தேதி, ஏழு படிவம் பாக்கி... நினைவுக்கு வந்தது.

ஒரு பத்திரிகையும் சில வாசகர்களும்

அடுத்தது ஜப்பான். 1962இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கம் 'கெம்பா டு கியூசி' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தது. கெம்பா என்றால் வேலை நடக்கிற இடம். ஆலையின் ஃபோர்மேன்கள் தரக் கட்டுப்பாட்டுப் புள்ளியியலைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். பின்னணியில் இருந்தவர் கவோரு இஷிகாவா. நாம் இன்றைக்கும் பக் எதனால் வந்தது என்று அலச வரைகிறோமே மீன்முள் படம், அது அவருடையதுதான்.

ஃபோர்மேன்கள் சொந்தக் காசில் வாங்கும்படி விலையைக் குறைவாக வைத்தார்கள். ஆனால் நாள் முழுக்க ஆலையில் நின்றுவிட்டு வருகிறவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து புள்ளியியல் படிப்பாரா? அதனால் குழுவாகச் சேர்ந்து படியுங்கள், படித்ததை உங்கள் வேலையிலேயே போட்டுப் பாருங்கள் என்று சொன்னார்கள். குவாலிட்டி சர்க்கிள் என்று பின்னால் உலகம் முழுக்கப் பரவியதன் ஆரம்பம் இந்தப் படிப்பு வட்டங்கள்தான். விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சேர்வது என்பதை இஷிகாவா கடைசி வரை வலியுறுத்தினார்.

இந்தியாவுக்கு இது 1980இல் வந்தது. முதலில் ஆரம்பித்தது ஹைதராபாத் ராமச்சந்திரபுரத்தில் இருக்கும் பெல் ஆலை. தமிழ்நாட்டில் இந்த ஜப்பானிய முறையை முழுசாக எடுத்துக்கொண்டவர்களில் டிவிஎஸ் குழுமத்து சுந்தரம் கிளேட்டன் முக்கியமானது; சென்னை பாடியில் இருந்த அந்த நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல் டெமிங் பரிசு வாங்கியது.

எங்கள் பெரியப்பா வேறொரு பெரிய ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். அவர்கள் சர்க்கிளைப் பற்றிக் கேட்டேன். "முதல் ரெண்டு வருசம் நல்லாத்தான் இருந்துச்சு. நாங்களா ஒரு பிரச்சினைய எடுப்போம், நாங்களா பேசுவோம். பொறவு வருசத்துக்கு இத்தனை புராஜெக்ட் காட்டணும்னு சொன்னாவ. முடிஞ்சுபோன வேலையையே புராஜெக்ட்டா எழுதிக் குடுத்தோம்" என்றார். என் டீமில் 52 மணி நேரம் வீடியோ பார்த்தவர்தான் உடனே ஞாபகத்துக்கு வந்தார்.

ஸ்க்ரம் என்ற பெயர் வந்த இடம்

இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். பதினைந்து வருஷமாக ஸ்க்ரம், ஸ்பிரிண்ட் என்று பேசிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சொல் எந்தக் கட்டுரையிலிருந்து வந்ததோ அதை நான் படித்ததே இல்லை.

1986 ஜனவரியில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் ஹிரோடாகா டகேயுச்சி, இகுஜிரோ நோனாகா இருவரும் எழுதியது. ஹோண்டா, கேனன், ஃபுஜி ஜெராக்ஸ் போன்ற நிறுவனங்கள் புதுப் பொருட்களை எப்படி வேகமாக உருவாக்கின என்று பார்க்கிறார்கள். ஒருவர் ஓடி முடித்து அடுத்தவரிடம் குச்சியைக் கொடுக்கிற ரிலே ஓட்டம் போல இல்லாமல், ரக்பி டீம் மாதிரி பந்தை மாற்றி மாற்றிக் கொண்டு போகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன உவமை. ஸ்க்ரம் என்ற ரக்பிச் சொல் அப்படி வந்தது.

அந்தக் கட்டுரை இப்படிப்பட்ட குழுக்களுக்கு ஆறு குணங்களைப் பட்டியல் போடுகிறது. தன்னைத் தானே அமைத்துக்கொள்ளும் குழு அதில் ஒன்று. ஆறில் இரண்டு நேரடியாகக் கற்றலைப் பற்றியவை: ஒருவர் தன் துறையைத் தாண்டிப் பல வேலைகளைப் பழகுவது ஒன்று, ஒரு குழு கற்றதை அடுத்த குழுவுக்குக் கொண்டுபோவது இன்னொன்று. 3எம் நிறுவனத்தில் பொறியாளர்கள் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைத் தங்கள் விருப்பமான ஆராய்ச்சிக்குச் செலவிடலாம் என்பதை உதாரணமாகக் காட்டுகிறார்கள். கவனியுங்கள், வேலை நேரத்தில்.

1993இல் ஜெஃப் சதர்லேண்ட் ஈசல் என்ற நிறுவனத்தில் இந்தச் சிந்தனையை சாஃப்ட்வேர் டீமுக்குக் கொண்டுவந்தார். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டு என்ற இடத்தில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். அதன் 12 கொள்கைகளில் கடைசி, டீம் குறிப்பிட்ட இடைவெளியில் தன்னைத் தானே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது.

ஆக, அஜைலுக்குள் கற்றல் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. நாம் தினசரி மீட்டிங்கையும் புள்ளிக் கணக்கையும் வைத்துக்கொண்டு, கற்றலைத் தனியாகப் பிரித்து ஹெச்.ஆர். பக்கம் அனுப்பினோம். இப்போது அவர்கள் அதற்கு 'அஜைல் கற்றல்' என்று பெயர் வைத்து நமக்கே திருப்பி அனுப்புகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கொடுத்தது நாம்தான்.

பக்கத்திலேயே ஒன்று

எங்கள் ஊரிலிருந்து பைக்கில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், மத்தளம்பாறைக்கு. தென்காசியிலிருந்து கடையம் போகிற வழி. ஜோஹோ நிறுவனம் 2011இல் தென்காசியில் சிறிய அளவில் ஆரம்பித்தது இன்றைக்கு அங்கே பெரிய வளாகமாக இருக்கிறது. ஜோஹோ டெஸ்க் என்ற தயாரிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் உருவானது. அதற்கும் முன்னால், 2005இல், அந்த நிறுவனம் ஆறு மாணவர்களோடு ஒரு பள்ளியை ஆரம்பித்தது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து, வேலையோடு சேர்த்துக் கற்றுக்கொடுக்கும் முறை. இப்போது தென்காசியிலும் அந்தப் பள்ளி நடக்கிறது.

நான் அங்கே வேலை பார்த்தவன் இல்லை. வெளியே தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஆனால் இந்தப் பக்கத்து ஊர்களில் அதனால் நடந்த ஒன்றை என் கண்ணாலேயே பார்க்கிறேன். பட்டம் இல்லாதவன் புரோகிராமர் ஆக முடியாது என்று எங்கள் தலைமுறையில் எல்லாரும் நம்பினோம். நான் பி.இ. படித்ததே அதற்காகத்தான். இப்போது டீக்கடையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. கற்றவனா இல்லையா என்பதற்கு அவன் செய்த வேலையைப் பார்த்தால் போதும் என்பது இங்கே சாதாரண விஷயமாகிவிட்டது. டிப்ளமோ படித்த எங்கள் தம்பிக்கு அந்தக் கதவு திறந்ததும் அதனால்தான். உள்ளே வந்த பிறகு நாங்கள் அவனை வீடியோ மணிக்கணக்கை வைத்து அளந்தோம்.

எனக்குப் புரிந்தது

நான்கு கதையிலும் பொதுவாக மூன்று விஷயங்கள் தெரிகின்றன. கற்க வேண்டிய கேள்வி கற்கிறவரின் வேலையிலிருந்தே வந்தது. அதற்கான நேரம் ஏதோ ஒரு வடிவத்தில் வேலைக்குள்ளேயே இருந்தது. கற்றதை வைத்து வேலையை மாற்றிப் பார்க்கிற உரிமையும் அவரிடம் இருந்தது. இந்த மூன்றாவதுதான் முதலில் காணாமல் போகும். நிர்வாகத்துக்கு நேரம் கொடுப்பதும் எளிது, வீடியோ வாங்கிக் கொடுப்பதும் எளிது. 'அந்த ரிப்போர்ட்டை நான் மாற்றி எழுதிப் பார்க்கட்டுமா' என்று ஒரு ஜூனியர் கேட்டால் சரி என்று சொல்வதுதான் கஷ்டம்.

எண்ணிக்கை தேவையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரைஸும் செயல்திறனையும் சேதத்தையும் அளந்துதான் பார்த்தார். ஆனால் அவர் எண்ணியது துணியை; தொழிலாளி எத்தனை மணி நேரம் கற்றார் என்பதை அல்ல.

இப்போது செய்துகொண்டிருப்பது

போன ஜூலையில் மேனேஜரிடம் பேசி, வெள்ளிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை டீமுக்கு வாங்கினேன். விதிகள் கொஞ்சம்தான். அவரவர் வேலையில் புரியாத ஒன்றை அவரவரே எடுப்பது. இரண்டு வாரம் கழித்து மற்றவர்களுக்கு ஓட்டிக் காட்டுவது. வரவில்லை என்றால் ஏன் என்று கேட்கக் கூடாது. மார்க் கிடையாது.

முதல் மூன்று வாரம் கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்கவில்லை. நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். நான்காவது வாரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததில் ஒரு பெண், எங்கள் டெஸ்டர், தான் ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட் எழுதப் பழகுவதைக் காட்டினார். அதில் இருந்த தப்பை இன்னொருவர் திருத்தினார். அதன்பிறகு நடக்க ஆரம்பித்தது. அக்டோபரில் ஒரு பெரிய ரிலீஸ் வந்தது. 'இந்த ஒரு வாரம் மட்டும் வேண்டாம்' என்று நானே நிறுத்தினேன். அது ஐந்து வாரம் ஆனது. மில்லர் 1970இல் பார்த்த மேற்பார்வையாளர் நான்தான் என்று அப்போது தோன்றவில்லை, பிறகுதான் தோன்றியது. திரும்ப ஆரம்பித்தபோது ஒன்பது பேரில் ஆறு பேர்தான் வந்தார்கள். இப்போதும் ஆறு பேர்தான்.

அந்தத் தம்பி வருகிறான். கேட்கிறான். இதுவரை எதையும் காட்டவில்லை. நான் அவனிடம் ஒரு நாள் நேரடியாகவே சொன்னேன்: "நான் அந்த ஃபாரத்துல கையெழுத்துப் போட்டது தப்புடா."

"விடுங்கண்ணே, எல்லாருக்கும் அப்படித்தான போட்டாங்க" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த மார்ச்சில் அதே படிவம் மறுபடி வருகிறது. இந்தத் தடவை கையெழுத்துக்கு மேலே குறிப்பு எழுதுகிற கட்டத்தில், ஒவ்வொருவரும் இந்த வருஷம் என்ன கற்றார், அதனால் எந்த வேலை மாறியது என்று எழுதப் போகிறேன். அவனுக்கு நேரே 40 நிமிஷம், 2 நிமிஷம் என்ற இரண்டு எண்ணையும் எழுதி, போன வருஷ மதிப்பீட்டைத் திருத்தச் சொல்லித் தனியாக ஒரு கடிதமும் இணைக்கிறேன். சிஸ்டம் ஏற்குமா என்பது தெரியாது. 40 மணி நேரக் கணக்கை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை; கணக்குக்குப் பக்கத்தில் உண்மையை எழுதி வைக்கிற அதிகாரம் இருக்கிறது. போன வருஷமும் இருந்தது.

ஆலைகளில் குவாலிட்டி சர்க்கிளில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வட்டம் எப்படி ஆரம்பித்தது, எந்த வருஷம் நின்றது, நின்றதற்கு முன்னால் என்ன மாறியது என்று எழுதுங்கள். பெரியப்பா சொன்னது ஒரு ஆலையின் கதை. இன்னும் பத்து ஆலைகளின் கதை கிடைத்தால் இந்தக் குறிப்பை விரிவாக எழுதலாம் என்று இருக்கிறேன்.